மூன்று மலர்களுக்கு ஓர் எண்

செவ்வாய்க்கிழமை காலை நிப்லா தொலைபேசியில் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

“சேர், என்ட அப்ளிகேஷன திருப்பிட்டாங்க. நம்மட சஞ்சிகைட நம்பர் பிழையாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சரியான நம்பர் குடுக்காட்டி எடுக்க மாட்டாங்களாம்.”

கொழும்பு கிராண்ட்பாஸ் பக்கத்துப் பிள்ளை. அங்கே ‘தோட்டம்’ என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் பொதுக்குழாய்க்கு வரிசையில் நிற்கும் பெண்களைப் பற்றி இரண்டு வருடம் விசாரித்து அவள் எழுதிய கட்டுரையை, நான் நடத்தும் ‘கரைப்பக்கம்’ காலாண்டிதழில் போட்டிருந்தேன். பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிப்பதென்றால், பதிவெண் உள்ள இதழில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும். அவளிடம் இருந்தது இந்த ஒன்றுதான். வயதெல்லையும் இந்த வருடத்தோடு முடிகிறது.

ஐ.எஸ்.எஸ்.என் என்று எட்டு இலக்க எண் ஒன்று உண்டு. தொடர்ந்து வெளிவரும் ஓர் இதழை உலகத்தில் எங்கிருந்தும் அடையாளம் காண அது உதவும். அச்சில் வந்த காலத்தில் எங்களுக்கும் ஒன்று வாங்கியிருந்தேன். கடதாசி விலை ஏறியதும் அச்சை நிறுத்தி இணையத்துக்கு வந்தோம். வீடு மாறும்போது கைத்தொலைபேசி எண்ணையும் கொண்டு போகிறோமே, அப்படித்தான் பழைய எண்ணையும் கொண்டுவந்து ஒட்டிவிட்டேன். இணைய இதழுக்கு வேறு எண் எடுக்க வேண்டும் என்று எவனுமே எனக்குச் சொல்லவில்லை. சரி, நானும் எவனையும் கேட்கவில்லை.

புதன்கிழமை, எண் வழங்கும் அலுவலகத்துக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். அங்கே தாரிகா என்ற உத்தியோகத்தர் இருந்தார். தமிழ் ஓரளவு பேசுவார், வாசிக்கத் தெரியாது. எங்களுடைய மூன்று இணைய இதழ்களையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எழுத்துகளின் வடிவத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்.

“சேர், இது மூணும் ஒரே பேரா?”

முதலாவதின் உச்சியில் ‘பொங்கல் மலர்’. இரண்டாவதில் ‘கடல் மலர்’. மூன்றாவதில் ‘வெள்ளிவிழா மலர்’. ‘கரைப்பக்கம்’ என்பது மூலையில் எறும்பளவுக்குக் கிடந்தது. மலர் என்று போடாமல் ஓர் இதழை வெளியே விட நம்மவர்களுக்கு மனம் வருமா?

“பேர் மாறினா வேற வேற சஞ்சிகை மாதிரி சேர். ஒவ்வொண்டுக்கும் வேற நம்பர் வரும்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “மிஸ், தமிழ் தெரிஞ்ச ஆரைக் கேட்டாலும் இது ஒரே சஞ்சிகையெண்டு சொல்லுவினம்!”

“தமிழ் தெரியாத ஆளும் கண்டுபிடிக்கத்தானே சேர் நம்பர்.”

நான் மறுபடியும் திரையைக் குனிந்து பார்த்தேன். தாரிகாவே தணிந்த குரலில் சொன்னார்: “எல்லாத்திலயும் ஒரே பேர மேல பெரிசா போட்டு அனுப்புங்க. நாளைக்கு உங்கடத நான் முதல்ல பாக்கிறன்.”

வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி சுபோதினி கணினியைத் திறந்தாள். பக்க வடிவமைப்பெல்லாம் அவள் வேலை.

“நான் அப்பவே சொன்னனான், சஞ்சிகையின்ர பேர் சின்னனாக் கிடக்கெண்டு. கேட்டனீங்களோ?”

“கேக்கேல்லையப்பா. இப்ப பெரிசாக்கும்.”

பொழுதுபடுவதற்குள் மூன்றையும் திருத்தி அனுப்பினோம்.

வியாழக்கிழமை மூன்றரை மணிவரை ஒரு சத்தமும் இல்லை. பிறகு தாரிகா அழைத்தார். “சேர், ரெண்டாவது இதழ் உள்பக்கத்தில பழைய நம்பர் இன்னும் இருக்கு. எடுத்துட்டு அனுப்புங்க. நான் இருக்கிறன்.”

குறையைக் குறித்துக் கோப்பைத் திருப்பியனுப்பியிருந்தால் யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நிப்லாவின் வெள்ளிக்கிழமையும் போயிருக்கும். அலுவலகம் நாலேகாலுக்கு மூடும். புதிய எண் எங்களுக்கு வந்தபோது நேரம் ஐந்தாகப் பத்து நிமிடம். கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. திரையைப் பார்த்துக் கும்பிட்டேன். சுபோதினி சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை நிப்லா அழைத்தாள். “அப்ளிகேஷன எடுத்துட்டாங்க சேர்! நன்றி சேர்.”

“எனக்கென்னத்துக்குப் பிள்ளை நன்றி? பிழை விட்டது நான்.”

“நீங்க என்ட கட்டுரைய வாசிச்சீங்க சேர். நான் அனுப்பின மத்த ரெண்டு இடத்திலயும் திறந்தே பாக்கல்ல.”

தாரிகாவின் எண்ணைக் கொடுத்து, நன்றியை அங்கே சொல்லச் சொன்னேன்.

பின்னேரம் மறுபடியும் அழைத்தாள். அரை மணித்தியாலம் சிங்களத்தில் கதைத்தார்களாம்.

“நம்பர் குடுத்த கட்டுரைல என்ன எழுதிருக்குன்னு கேட்டாங்க சேர். தண்ணி வரிசையப் பத்தின்னு சொன்னன். நம்மட பக்கத்து மட்டக்குளில சின்ன வயசுல அவங்களும் அப்படித்தான் வாளியோட நின்டாங்களாம். இதெல்லாம் ஒராள் எழுதி வெச்சதுக்கு அவங்க எனக்கு நன்றி சொல்றாங்க சேர்.”