வெள்ளியாத்தான் கொடுப்பாங்களாம்

என் மகள் அனுப்புவது ஆஸ்திரேலியா டாலர். என் கையில் கொடுப்பது மலேசியா வெள்ளி. நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்டால், பணம் எடுக்கும் கடையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஷஹீரா ஒரு தாளைக் காட்டுவாள். தாள் மலாயில் இருக்கும். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரைக்கும் போனவன். பிறகு முப்பத்தாறு வருஷம் பிறை என்கிற ஊரில் லாரி ஓட்டினேன். மலாயில் பேசுவேன், திட்டுவேன். படிக்கச் சொன்னால் ரோட்டுப் பலகை அளவுக்குத்தான்.

"இது கவர்மெண்ட் ரூல், பக்சிக். வெளிநாட்டிலேர்ந்து வர்ற காசை இங்கே வெள்ளியாத்தான் கொடுக்கணும்" என்று மலாயில் சொல்வாள். பக்சிக் என்பது அவர்கள் பாஷையில் அங்கிள்.

"எந்தக் கவர்மெண்ட்? போனதா, இப்ப இருக்கிறதா?"

"எல்லாக் கவர்மெண்ட்டும்தான்."

"பக்கத்துக் கடையிலே டாலரை அடுக்கி வச்சிருக்கான். நீ மட்டும் இல்லேங்கிறே."

"அவங்க லைசென்ஸ் வேறே, எங்க லைசென்ஸ் வேறே. அவங்க விக்கலாம். நாங்க கொடுக்கக் கூடாது."

"என் மக டாலர் கட்டினாளா இல்லையா?"

"கட்டினாங்க."

"அந்த டாலர் எங்கே?"

வரிசையில் நிற்கும் வங்காளதேசத்துப் பையன்கள் சிரிப்பார்கள். ஷஹீராவும் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. ஒரு காசு ஒரு நாட்டில் உள்ளே போய் இன்னொரு நாட்டில் வேறு காசாக வெளியே வருகிறது என்றால் நடுவில் எவனோ தின்கிறான். லாரியில் பத்து மூட்டை ஏற்றினால் பத்து மூட்டை இறக்கணும். நான் படித்த கணக்கு அதுதான்.

வெள்ளியை வாங்கிக்கொண்டு நேரே பக்கத்துக் கடைக்குப் போவேன். அது காசு மாற்றும் கடை. ஹைக்கல் என்று ஒரு தமிழ் முஸ்லிம் பையன் நடத்துகிறான், முப்பது வயசு இருக்கும். அவனிடம் வெள்ளியைக் கொடுத்து இருநூறு டாலர் திருப்பி வாங்குவேன். எப்போதும் பதினைந்து, இருபது வெள்ளி குறையும். அதை என் கையிலிருந்து போடுவேன். வாரத்தில் நாலு நாள் ஒரு கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறேன், அந்தச் சம்பளத்திலிருந்து.

"அங்கிள், அந்தப் பக்கம் மாத்தும்போது ஒரு தடவை போகுது, இந்தப் பக்கம் மாத்தும்போது ஒரு தடவை போகுது. சும்மா காத்துல விடுறீங்களே. வெள்ளியாவே வச்சுக்கங்க லா" என்பான் ஹைக்கல்.

"நீ ஏன் வருத்தப்படுறே? உனக்குத்தானே லாபம்?"

"அதான் மனசு கேக்காம சொல்றேன்."

"மனசு கேக்கலேன்னா விலையைக் குறை."

இரண்டு பச்சை நூறு டாலர் நோட்டை எடுத்து வைப்பான். பிளாஸ்டிக் நோட்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன்.

எதற்கு இந்தக் கூத்து என்று சொல்லிவிடுகிறேன். மகள் லோகேஸ்வரி ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போகும்போது ஏர்போர்ட்டில் வைத்து, "மூணே வருஷம்பா. உங்களுக்குக் கொஞ்சம் காசு சேர்த்துட்டு வந்துடுறேன்" என்றாள். காசு வேணாம் என்றேன். அவள் அம்மா சந்திரிகா செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை அப்போது. மூணு வருஷம் முடிந்தது. நாலும் முடிந்தது. ஒவ்வொரு தடவையும் காசுதான் காரணம். டிக்கெட் விலை, வாடகை, உங்களுக்கு அனுப்பணும்பா. அங்கே வயசானவர்கள் வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, மருந்து கொடுக்கிற வேலை. எவனோ ஒரு வெள்ளைக்காரக் கிழவனைக் குளிப்பாட்டிவிட்டு, சுங்கை பினாங்கு அடுக்குமாடியில் இருக்கிற கிழவனுக்குக் காசு அனுப்புகிறாள்.

அதனால் ஒரு முடிவு பண்ணினேன். அவள் அனுப்பும் காசில் ஒரு சென் தொடுவதில்லை. அனுப்பிய மாதிரியே, டாலராகவே எடுத்து வைப்பது. ஒரு நாள் அவள் முன்னால் போட்டு, "இந்தா, எதுவும் குறையலே. எனக்குக் காசு வேண்டியதில்லே. நீ அங்கே இருக்க வேண்டியதும் இல்லே" என்று சொல்வது. வெள்ளியாக வைத்திருந்தால் கணக்குக் குழம்பும். டாலரென்றால் அவளே எண்ணிப் பார்க்கலாம். பாங்கில் போடவில்லை. பாங்க்காரனுக்கும் ஒரு ரூல் இருக்கும், அவனும் ஒரு தாளைக் காட்டுவான்.

மாசம் ஐந்தாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு லோகா கூப்பிடுவாள், பணம் எடுக்கும் நம்பரைச் சொல்ல. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். திருப்பி வாசிக்கச் சொல்லுவாள். "ஏழா ஒண்ணாப்பா? சரியாப் பாருங்க." அப்புறம் சாப்பிட்டீங்களா, மழையா என்று இரண்டு வார்த்தை. மாசத்தில் அவள் கூப்பிடுவது அந்த ஒரு தடவைதான். பெர்த்தில் என்ன நேரமோ அதே நேரம்தான் பினாங்கிலும். அங்கே ஆறு என்றால் இங்கேயும் ஆறு. நேரம் மாறிப் போச்சுப்பா, தூங்கிட்டேன்பா என்று சொல்ல அவளுக்கு வழி கிடையாது. அதனால் நானும் ஏன் மற்ற நாளில் கூப்பிடுவதில்லை என்று கேட்பதில்லை. நானாகக் கூப்பிட்டதும் இல்லை. பெற்றவன் போய்க் கெஞ்சணுமா?

இந்த வருஷம் தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். அவள் அறையிலிருந்த சாமானையெல்லாம் எடுத்துத் துடைத்தேன். மின்விசிறிக்கு எண்ணெய் விட்டேன். நூற்றி நாலு பச்சை நோட்டு, ஒரு உறையில் ரப்பர் போட்டு வைத்திருந்தேன்.

ஐந்தாம் தேதி நம்பரைச் சொல்லி முடித்ததும், "அப்பா, தீபாவளிக்கு முடியாது போலிருக்குப்பா" என்றாள். "பண்டிகை வாரத்திலே மத்த இந்தியப் பொண்ணுங்க எல்லாம் லீவு. நான் ஷிப்ட் எடுத்தா டபுள் சம்பளம். உங்களுக்கும் கூட அனுப்பலாம்."

"கூட அனுப்ப வேணாம். நீ அனுப்பினதே அப்படியே இருக்கு."

"என்னா இருக்கு?"

"எல்லாக் காசும். நாலு வருஷக் காசு. ஒண்ணும் எடுக்கலே. வெள்ளியைக் கொடுத்துத் திருப்பி டாலரா வாங்கி வச்சிருக்கேன். பத்தாயிரத்து நானூறு. வந்து எண்ணிக்கோ."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். இல்லை, நொடி ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்குப்பா அப்படிப் பண்ணீங்க?"

"நீ காசுக்காகத்தானே அங்கே இருக்கே. இந்தா காசு. இனி வா."

"ஃபிரிஜ் வாங்குங்க, கண்ணை டாக்டர்கிட்டே காட்டுங்க, நல்ல மீனா வாங்கிச் சாப்பிடுங்கன்னு நான் சொன்னப்பெல்லாம் சரி சரின்னீங்களே?"

"சொன்னேன்."

"நீங்க நல்லாச் சாப்பிடுறீங்கன்னு நெனைச்சுக்கிட்டுத்தான்பா நான் இங்கே ராத்திரி ஷிப்ட் போனேன். உங்களுக்கு நான் ஒண்ணுமே செய்யலேன்னு இப்ப ஆயிடுச்சு."

"செய்ய வேணாம். வா, போதும்."

அப்புறம்தான் அதைச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், கோபம் இல்லை. "அப்பா, நான் காசுக்காக இங்கே இல்லப்பா. எனக்கு இங்கே பிடிச்சிருக்கு. உங்ககிட்டே அப்படிச் சொல்ல வாய் வரலே. அதான் காசு காசுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்."

நம்பர் எழுதின தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு வேணாம்னா இனி அனுப்பலேப்பா" என்று வைத்துவிட்டாள்.

அந்த மாசக் காசைப் போய் எடுத்து, பழக்கத்தில் ஹைக்கலிடம் மாற்றி உறையில் வைத்தேன். தீபாவளி வந்தது, போனது. தீபாவளிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது, பின்னால் யாரோ இங்கிலீஷில் பேசுகிற சத்தத்தோடு. அடுத்த ஐந்தாம் தேதி நாலு மணிக்கே பேனாவும் தாளும் எடுத்து வைத்து உட்கார்ந்தேன். ஆறு ஆனது. ஏழு ஆனது. கீழே மோட்டார் சைக்கிள்கள் வேலை முடிந்து வந்தன. எட்டு மணிக்குத் தாளை மடித்து வைத்தேன்.

மறுநாள் பஸ் ஏறி லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். வரிசையில் நின்றேன்.

"நம்பர், பக்சிக்?" என்றாள் ஷஹீரா.

"நம்பர் இல்லே. பேரை வச்சுப் பாரு. அர்ஜுனன்."

தட்டிப் பார்த்தாள். இல்லை என்றாள். ரூலை மாத்திட்டீங்களா என்று கேட்டேன். ரூல் அதேதான், காசுதான் வரவில்லை என்றாள். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நான் கேட்காமலே இன்னொரு தடவை தட்டிப் பார்த்தாள். அந்தப் பெண்ணைத் திருடி என்று எத்தனை தடவை மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

வெளியே ஹைக்கல் கூப்பிட்டான். "அங்கிள்! ஆஸ்திரேலியா இறங்கியிருக்கு. இன்னிக்கு வாங்கினா நல்ல விலை."

"இன்னிக்கு இல்லே."

"என்னா, மக சம்பளம் போடலியா?" என்று சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "உள்ளே வந்து உக்காருங்க. தே ஆவ் சொல்றேன்." தேத்தண்ணி வேணாம் என்று நடந்துவிட்டேன்.

வீட்டில் அந்த உறையை எடுத்துப் பார்த்தேன். நூற்றி ஆறு நோட்டு. இனி கூடப் போவதும் இல்லை, குறையப் போவதும் இல்லை. இவ்வளவு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு வரப்போகிற காசு என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் பிளாஸ்டிக். இங்கே கடையில் கொடுத்து ஒரு ரொட்டி வாங்க முடியாது.

இரண்டு வாரம் பொறுத்தேன். மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்கு நானே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "என்னாப்பா? என்னாச்சு? எங்கேயாச்சும் விழுந்துட்டீங்களா?" எனக்கு ஏதாவது ஆனால்தான் நான் கூப்பிடுவேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஒண்ணும் ஆகலே. ஃபிரிஜ் கெட்டுப் போச்சு" என்றேன்.

"ஃபிரிஜ்ஜா?"

"ஆமா. காசு அனுப்பு."

"அதான் பத்தாயிரம் டாலர் வச்சிருக்கீங்களேப்பா. அதுலே நாலு நோட்டை மாத்துங்களேன்" என்றாள்.

இதை நான் யோசிக்கவில்லை. லாரிக்காரன் புத்தி, நேரே பார்த்து ஓட்டுமே தவிர பக்கத்தில் பார்க்காது.

"அது உன் காசு. அதைத் தொட மாட்டேன். நீ புதுசா அனுப்பு. அதைச் செலவு பண்றேன்."

"திருப்பி டாலரா மாத்தி வைக்கிறதுக்கா?"

"இல்லே. வெள்ளியாவே வாங்கிக்கிறேன்."

"நெஜமாவா?"

"கவர்மெண்ட் ரூல் அதுதானாம்."

சிரித்தாள் என்று நினைக்கிறேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. "சரி. ஆனா இனி உங்களை நம்ப மாட்டேன். வாங்கினதைப் போட்டோ எடுத்து அனுப்பணும். மாசா மாசம்."

"அனுப்புறேன்."

"ஐஞ்சாந்தேதி கூப்பிடுறேன். பேனா எடுத்து வைங்க."

ஐந்தாம் தேதி கூப்பிட்டாள். எழுதினேன், திருப்பி வாசித்தேன். மறுநாள் கண்ணாடி வழியாக ஷஹீரா நோட்டுகளைத் தள்ளினாள். நான் எண்ணி மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். டாலர் எங்கே என்று கேட்கவில்லை.

"பக்சிக், உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கேன். எல்லாக் கவர்மெண்ட்டும் அப்படித்தானேன்னு விட்டுட்டேன்."

ஹைக்கல் கடைப் பக்கம் போகாமல் மின்சாரச் சாமான் கடைக்குப் போனேன். இருப்பதிலேயே சின்னதாக, ஒரு கதவு ஃபிரிஜ் ஒன்று எடுத்தேன். குறைந்ததற்கு என் சம்பளத்தைப் போட்டேன்.

வெறும் ஃபிரிஜ்ஜைப் போட்டோ எடுத்தால் அவளுக்குச் சந்தேகம் வரும். அதனால் அது வருகிற நாள் காலையில் சௌரஸ்தா மார்க்கெட்டுக்குப் போய்க் கறுப்பு வாவால் மீன் ஒன்று, பத்து முட்டை, கீரை, பப்பாளி, நான் குடிக்காத பால் ஒரு பெட்டி எல்லாம் வாங்கி வந்தேன். மத்தியானம் ஹஸ்ருல் என்கிற பையனும் இன்னொருவனும் புது ஃபிரிஜ்ஜை மாடிக்குத் தூக்கி வந்தார்கள். ஹஸ்ருல் பழையதைத் திறந்து பார்த்தான். உள்ளே விளக்கு எரிந்தது. கையை வைத்துப் பார்த்தான்.

"பக்சிக், இது நல்லாத்தானே குளிருது. எதுக்குப் புதுசு?"

"எடுத்துட்டுப் போ. உங்க அம்மாவுக்குக் கொடு."

வாங்கினதையெல்லாம் புதியதில் அடுக்கினோம். எனக்குப் போட்டோ எடுத்தால் கை ஆடும் என்று என் போனை அவனிடம் கொடுத்தேன். கதவைத் திறந்து வைத்துப் பக்கத்தில் நிற்கச் சொன்னான். நின்றேன். அவனே லோகாவுக்கு அனுப்பியும் கொடுத்தான்.

அவர்கள் பழைய ஃபிரிஜ்ஜைத் தூக்கிக்கொண்டு இறங்குகிற சத்தம் கீழ்மாடி வரைக்கும் கேட்டது. நான் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் கழித்து ஒரு பெருவிரல் படம் வந்தது. கொஞ்ச நேரத்தில் வாய்ஸ் மெசேஜ். "நல்லா இருக்குப்பா. மீனு பெருசா இருக்கே, ஒரே நாள்லே சாப்பிட்டுடாதீங்க. அடுத்த மாசம் என்னா வாங்கணும்னு யோசிச்சு வைங்க."

இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். பிறகு எழுந்து, மின்விசிறி, சோத்துப் பானை, ரேடியோ, குளியலறைக் குழாய் என்று வீட்டைச் சுற்றி வந்தேன், அடுத்த மாசம் எது கெட்டுப் போகணும் என்று பார்த்துக்கொண்டே.