மூடிமேல் பவுடர்

முப்பத்தோரு வருஷம் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே ஓடுகிற மின்சார ரயிலில் கால் வைத்ததுமே எவன் டிக்கெட் இல்லாமல் வருகிறான் என்று சொல்லிவிடுவேன். தூங்குகிற மாதிரி நடிப்பவன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்பவன், திடீரென்று போனில் சத்தமாகப் பேசுபவன், எல்லாரும் என் கையில் சிக்கியவர்கள்தான். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டேன். கண்ணைக் கழற்றி வைக்க முடியவில்லை.

அதனால் எங்கள் மகள் டெபோரா, மூன்று மாதப் பயிற்சிக்குப் புனே போகும்போது தன் சிலந்தியை என்னிடம் ஒப்படைத்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. சுவரில் ஓடும் சாதாரணச் சிலந்தி அல்ல, டாரன்டுலா. உடம்பெல்லாம் மயிர். இன்னும் குஞ்சுதான், புளியங்கொட்டை அளவு உடம்பு. மிளகு என்று பெயர். காற்றுக்காக ஊசித்துளை போட்ட, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில், அவள் அறை மேஜைமேல் அதற்குக் குடித்தனம்.

"அப்பா, என் காலேஜ் பேகை நீங்க எத்தனை தடவ செக் பண்ணீங்கன்னு எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் கேட்டதில்ல," என்றாள் போகும்போது. "இப்ப நான் உங்கள நம்பிட்டுப் போறேன். இதை உயிரோட திருப்பிக் குடுங்க, போதும்."

அந்தப் பேச்சு நெஞ்சில் தைத்துவிட்டது. கர்த்தர்மேல் ஆணையாக இந்தப் பூச்சியைக் காப்பாற்றிக் கொடுப்பது என்று முடிவு கட்டினேன்.

மூன்றாவது வாரம் மிளகு சாப்பாட்டை நிறுத்தியது. குட்டிச் சிள்வண்டு ஒன்றைப் போட்டேன். மிளகு பின்வாங்கி மூலையில் ஒடுங்கியது. டெபோராவைக் கூப்பிட்டேன். "தோல் உரிக்கப் போகுதுப்பா. அந்த வண்டை வெளிய எடுத்துடுங்க. இனிமே தீனி வைக்காதீங்க, டப்பாவைத் திறக்காதீங்க. மல்லாக்கப் படுத்தா செத்துப்போச்சுன்னு நினைக்காதீங்க, அப்படித்தான் உரிக்கும். பொறுமையா இருங்கப்பா, பொறுமையா," என்றாள். பொறுமை என்ற சொல்லை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

அது ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம். என் மனைவி தபீதாள் பகல் மூன்று மணிவரை உபவாசம் இருந்து, பிறகுதான் கஞ்சி குடிப்பாள். "மிளகும் லெந்து அனுசரிக்குது போல," என்றேன். அவள் சிரிக்கவில்லை. "நான் வேண்டிக்கிட்டு இருக்கேன். அந்த வாயில்லா ஜீவன் யார்கிட்ட வேண்டிக்கிச்சு?" என்றாள்.

இரண்டு வாரம் கழிந்தது. ஒரு நாள் பார்க்கிறேன், டப்பாவின் மூடி கோணலாக இருக்கிறது. நான் மூடினால் நான்கு மூலையும் டக்கென்று பொருந்தும். யாரோ திறந்திருக்கிறார்கள்.

சந்தேகம் வேலைக்காரி சரசுமேல்தான் போனது. செம்பாக்கத்திலிருந்து ஏழு வருஷமாக வருகிறவள். மிளகைப் பார்த்த முதல் நாளே, "இன்னா சார் இது, இத்தப் போயி வளத்துகினு? துடைப்பத்தால ஒண்ணு போடட்டா?" என்று கேட்டவள். தபீதாளை நினைக்கவே இல்லை. அந்த அறை வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று பைபிள்மேல் கை வைக்காத குறையாகச் சொன்னவள் அவள்.

மேஜைப் பக்கமே போகக் கூடாது என்று சரசுவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். பிறகு தபீதாளின் முகப் பவுடரை மூடிமேல் மெல்லிசாகத் தூவி வைத்தேன். மறுநாள் சரசு வேலை முடித்துப் போனபின் பார்த்தால், மூடிமேல் மூன்று விரல் தடங்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது, மறைப்பானேன்.

புதன்கிழமை காலை அவளைக் கூப்பிட்டு நிறுத்தினேன்.

"நா தொடல சார்," என்றாள்.

"பின்ன யாரு?"

"அது எனக்கு இன்னா தெரியும்? தொடாதன்னீங்க, தொடல."

"டிக்கெட் இல்லாதவன் எல்லாரும் இப்படித்தான் சொல்வான். அதைக் கொல்லப் பாக்குறே நீ."

சரசு தபீதாளைப் பார்த்தாள். தபீதாள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பவே இல்லை. சரசு துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "உங்க பீரோ சாவி எங்க கீதுன்னு ஏழு வருசமா எனக்குத் தெரியும் சார். ஒரு நாளு கை வெச்சிருப்பனா? கேவலம் ஒரு பூச்சிக்கு என்ன இப்டி கேட்டுட்டீங்களே," என்றாள். அதோடு போய்விட்டாள்.

பழக்க தோஷம், நான் மறுபடியும் பவுடர் தூவினேன். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அறைக்குள் போனேன். மூடிமேல் மறுபடியும் விரல் தடம்.

வீட்டில் இரண்டே பேர். நான் தொடவில்லை.

உள்ளே பார்த்தேன். மிளகு மல்லாந்து கிடந்தது, கால் எட்டும் மேலே. பக்கத்தில் பாலில் நனைத்த ரொட்டித் துணுக்கு. மேஜைக் காலில் ஏறிய சிவப்பெறும்பு வரிசை ஊசித்துளை வழியாக அந்த ரொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து மிளகு இரண்டு விரற்கடை தூரம்.

"தபீதா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் அழுதுகொண்டேதான் வந்தாள்.

"பட்டினியில சாகுதுன்னு நினைச்சேங்க. மூணு மணிக்குக் கஞ்சி எடுத்தா எனக்குத் தொண்டையில இறங்கல. தினம் ஒரு துணுக்கு வச்சு, நீங்க பாக்குறதுக்குள்ள எடுத்துடுவேன். நேத்து சரசு போனதிலேருந்து எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, எடுக்க மறந்துட்டேன். இப்ப எடுக்கலாம்னு திறந்தா மல்லாந்து கிடக்கு. பயந்துபோய் மூடிட்டேன்."

"நேத்து ஏன் வாயைத் திறக்கல நீ?"

"அவளைக் கேட்ட மாதிரி என்னையும் கேப்பீங்க."

எறும்பு நின்றபாடில்லை. மருந்து அடித்தால் மிளகு செத்துவிடும். டப்பாவை அசைத்தாலும் ஆபத்து. தோல் உரிக்கிற நேரத்தில் உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும், ஓர் எறும்பு கடித்தாலும் போச்சு. போன கிறிஸ்துமஸுக்குக் கேக் டப்பாவில் ஏறிய எறும்பை மருந்தே இல்லாமல் விரட்டியவள் சரசு ஒருத்திதான். இரண்டு தடவை போன் போட்டேன், துண்டித்தாள். ஸ்கூட்டரை எடுத்தேன்.

செம்பாக்கம் ஏரிப் பக்கத்துத் தெருவில், வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"நீ தொடல சரசு. அம்மாதான். தப்பு என்னோடது," என்றேன். முப்பத்தோரு வருஷத்தில் யாரிடமும் சொல்லாத வார்த்தை.

எறும்பு விஷயத்தைச் சொன்னேன். "உசுரோட கீதா?" என்றாள்.

"தெரியல."

கையை உதறிவிட்டு ஸ்கூட்டரில் ஏறினாள்.

வந்ததும் ஒரு துண்டு வெல்லத்தைத் தரையில், எறும்பு வரும் வழியில் வைத்தாள். "வெரட்டுனா செதறும் சார். கூப்ட்டா வரும்," என்றாள். ஈரத்துணியால் மேஜைமேல் இருந்த வரிசையைத் துடைத்து எடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியை ஓரத்தில் மட்டும் பிடித்துத் தூக்கி, எறும்பு மொய்த்த ரொட்டியை ஈர்க்குச்சியில் குத்தி வெளியே கொண்டுவந்தாள். உள்ளே தங்கிய நான்கைந்தை, நனைத்த குச்சி நுனியில் ஒவ்வொன்றாக ஒற்றினாள். மிளகின்மேல் அவள் நிழல் விழுந்ததே தவிர, குச்சி படவில்லை. கடைசியாக மேஜையின் நான்கு காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைக்கச் சொன்னாள். மேஜையை ஒரு மயிரிழை ஆடாமல் தூக்கிப் பிடித்தது நானும் தபீதாளும்.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். மிளகு அசையவில்லை. ஒரு தடவை தொட்டுப் பார்த்தால் உயிர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்க்காமல் நான் யாரையும் நம்பியதில்லை. இரண்டு தடவை பென்சிலை எடுத்து, கீழே வைத்தேன். மூன்றாவது தடவை சரசு அதைப் பிடுங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

மணி மூன்றடித்தது. தபீதாளுக்குக் கஞ்சி ஞாபகமே இல்லை.

அதற்குச் சற்று நேரம் கழித்து ஒரு கால் துடித்தது. பக்கவாட்டில் தோல் பிளந்து, ஈரச் சட்டையிலிருந்து குழந்தை கையை உருவுகிற மாதிரி ஒவ்வொரு காலாக வெளியே வந்தது. முக்கால் மணி நேரத்தில் பழைய தோல் தனியாகவும், வெளுத்துப்போய் முன்னைவிடப் பெரிதாக மிளகு தனியாகவும் கிடந்தன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தபீதாள் ஸ்தோத்திரம் சொன்னாள். "அடேங்கப்பா, இம்மாம் பெருசு அந்தத் தோலுக்குள்ளயா இருந்துச்சு!" என்றாள் சரசு.

அவள் கிளம்பும்போது, "நாளைக்கு வந்துடு சரசு," என்றேன்.

அவள் திரும்பி வந்து டப்பாவைப் பார்த்தாள். மூடிமேல் பவுடரும் விரல் தடமும் அப்படியே இருந்தன.

"சார், ஏழு வருசமா இந்த வூட்ல நா இன்னா வேல செய்றேன்?"

"பெருக்கித் துடைக்கிற."

"அப்ப, நா கை வெச்சிருந்தா இதுல வெரலு தெரிஞ்சிருக்குமா? பவுடரே இருந்திருக்காது சார்."

முந்தானை நுனியால் மூடியை ஆடாமல் ஒரு தடவை துடைத்தாள். பிளாஸ்டிக் பளிச்சென்று ஆனது. கொண்டையில் இருந்த பென்சிலை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள். நாளைக்கு வருவதாக அவள் சொல்லவில்லை.