கொடியில் தொங்கும் சூடைகள்

கொடியில் அம்மாவின் சேலைக்கும் என் சட்டைக்கும் நடுவே பதினொரு சூடை மீன்கள் கிளிப்பில் தொங்கி ஆடுகின்றன, எல்லாம் நான் மரத்தில் செதுக்கி வண்ணம் அடித்த பொய்மீன்கள், தூண்டிலில் கட்டிப் பெரிய மீனை ஏமாற்ற, சுவரிலிருந்த காக்கை பறந்து வந்து ஒன்றின் வயிற்றில் கொத்துகிறது, டொக், தலையை உதறிக்கொண்டு மறுபடியும் கொத்துகிறது, அம்மா துணி பிழிவதை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள், ஏல, ஒன் கட்டைக்கும் ஒரு ஆளு வந்துட்டுல்லா. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, காக்கையே ஏமாந்தால் மீன் எம்மாத்திரம், அன்று புதன்கிழமை, அம்மா வைத்த கெடு சனிக்கிழமை, அதுக்குள்ள ஒரு மீனாவது ஒன் கட்டையக் கடிச்சா நான் வாயத் தொறக்கல, இல்லன்னா திங்கக்கிழமை சென்னை பஸ்ஸு, நான் விட்டுவிட்டு வந்த ராத்திரி வேலை அங்கே இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம், மூன்று வருஷம் விடியும்போது படுத்து இருட்டும்போது எழுந்தேன், அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

மீன் விற்கும் சலேத் அக்காவின் ஐஸ் பெட்டியிலிருந்து தினமும் ஒரு சூடை வாங்கித் தட்டில் வைத்துப் பார்த்துப் பார்த்து அடித்தேன், முதுகுக்கு மங்கிய நீலம், வயிற்றுக்குச் சாம்பல் கலந்த வெள்ளி, கண்ணோரம் ஒரு சொட்டுச் சிவப்பு, தெனம் ஒத்த மீன வச்சி என்னதான் கொழம்பு வைக்கிய, நான் திங்கலக்கா, பாக்குதேன், பாத்தா வயிறு ரொம்புமோ. வியாழக்கிழமை கித்தேரியானின் படகில் போனேன், என்னோடு பள்ளியில் படித்தவன், நாலு மணி நேரம் என் மீனைப் பின்னால் இழுத்தோம், ஒன்றும் சீண்டவில்லை, அவன் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரிக்கிறான், லேய், ஐஸ்ல கெடந்தத பாத்தா அடிச்ச, கண்ணு செவந்துபோயி இது பொணம்லா, பொணத்தக் காக்காதான் தின்னும், சீலா மீனு உசுரோட ஓடுறதத்தான் வெரட்டும். சிரித்துக்கொண்டே வலையை இழுத்து ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் போட்டான், பாசிப்பச்சை முதுகு, செவுளிலிருந்து வால்வரை ஒரு தங்கக் கோடு, வயிறு வெயிலை வாங்கி என் முகத்திலேயே அடிக்கிறது, நாலு துடிப்பு, ஐந்தாவதில் கோடு அணைந்துவிட்டது, இன்னொண்ணு குடு, இன்னொண்ணு, போதும்ல, எல்லாத்தையும் ஒனக்கே காட்டிட்டா நான் எதக் கொண்டுபோயி விக்க.

வெள்ளிக்கிழமை கண்ணை மூடிக்கொண்டு பச்சையைக் கலக்கினேன், அந்த நாலு துடிப்பு திரும்பத் திரும்ப வருகிறது, சென்னை அலுவலகத்தின் கணினித் திரைக்குள் சூடைகள் கூட்டமாகத் திரும்புகின்றன, நான் நாற்காலியோடு மிதந்துகொண்டே அவற்றைத் துரத்துகிறேன், ஏல தூங்குதியா என்று அம்மா தோளைத் தட்டுகிறாள், தூங்கல, தங்கக் கலருதான் இல்ல. உள்ளே போனவள் கிறிஸ்துமஸ் குடிலின் நட்சத்திரத்துக்கு அடித்து மிஞ்சிய டப்பாவோடு வந்தாள், நான் ஜெயிச்சா ஒனக்குத்தானம்மா தோல்வி, தோக்கப்போறவன் கோட்டையாவது நேராப் போட்டுட்டுத் தோக்கட்டும். ஒரு மீனுக்குத்தான் பெயிண்ட் இருந்தது, மற்ற பத்தும் பிணமாகவே இருந்தன.

சனிக்கிழமை, ஒன்பது மணி, தங்கக் கோட்டுக்காரன் படகுக்குப் பின்னால் ஓடுகிறான், தூண்டில் நரம்பு விறைக்கிறது, பிடில பிடி என்று கித்தேரியான் கத்துகிறான், ஆள் கை நீளத்துக்கு ஒரு சீலா தண்ணீரை விட்டு எழும்பி என்னை ஒரு கணம் பார்க்கிறது, தலையை உதறுகிறது, அவ்வளவுதான், கொக்கி அதன் வாயிலிருந்து கழன்று நரம்பு தொய்ந்துவிட்டது, கித்தேரியான் கெட்ட வார்த்தைகளைக் கடலுக்குச் சொன்னான், நான் கட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன், சென்னை பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தபடியே. அம்மா கட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள், வயிற்றில் வரிசையாகப் பல் தடம், ஒவ்வொன்றின் மீதும் விரலை வைத்துப் பார்க்கிறாள், ஏழு என்கிறாள், கடிச்சான்னுதான சொன்னேன், பிடிச்சான்னு சொல்லலியே, ஆனா கொழம்புக்கு என்னல செய்ய.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறோம், கொடியில் பதினொரு சூடைகள் ஆடுகின்றன, ஒன்றுக்கு மட்டும் வயிற்றில் காயம், அதே காக்கை வந்து அதன் அருகே உட்கார்ந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துத் தங்கக் கோட்டைப் பார்க்கிறது, கொத்தவில்லை, போச்சுல, இருந்த ஒரு ஆளும் போச்சு என்கிறாள் அம்மா, காக்கை பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்து, கண் சிவந்த பழைய மீனை எட்டிக் கொத்தியது, டொக்.