அறுப்பு முடியாத முகம்

1

இந்தக் கதையை எழுதுவதாக நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பத்திரிகைக்காக ஒரு சொல்லைப் பற்றிக் கட்டுரை தருவதாகத்தான் ஒப்புக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் ‘ஸ்டபிள்’ என்பார்கள். சவரம் செய்த இரண்டாம் நாள் கன்னத்தில் சொரசொரவென்று எட்டிப்பார்க்கும் மயிருக்குப் பெயர். மூன்று பக்கம் போதும் என்றார் ஆசிரியர். அகராதிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுத எழுத, அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதர் படுத்திருப்பது தெரிந்தது. அவரைத் தாண்டிக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை.

கேட்டதை முதலில் கொடுத்துவிடுகிறேன். இலத்தீனில் வைக்கோல் தண்டைக் குறித்த ஒரு சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வந்து எழுநூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. அப்போது அதற்கும் முகத்துக்கும் சம்பந்தமே கிடையாது. கதிரை அறுத்தபின் வயலில் நிற்கும் அரிதாளுக்குத்தான் அந்தப் பெயர். ஏறக்குறைய முந்நூறு ஆண்டு வயலிலேயே கிடந்துவிட்டு அப்புறம்தான் ஆண்களின் தாடைக்கு ஏறியது. யாரோ ஓர் உழவன் அறுத்த வயலைப் பார்த்தபடி தாடையைத் தடவியிருக்க வேண்டும்.*

* இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. எனக்கு அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

2

செப்டம்பர் வெயில் கோதுமை வயலின்மேல் பொன்னை உருக்கி—

(வேண்டாம். அந்த வாரம் முழுக்க மழை.)

கனடாவில், சஸ்காட்சுவானில் எங்கள் ஊர்ப் பக்கம் சில குடும்பங்களில்—

(‘எங்கள் ஊர்’ என்று எழுதக் கை கூசுகிறது. இங்கே வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. பனியில் புதைந்த என் காரை எத்தனை பேர் தள்ளிவிட்டிருக்கிறார்கள்! எங்கள் ஊர் என்றே இருக்கட்டும்.)

—அறுப்பு முடிகிறவரை ஆண்கள் சவரம் செய்துகொள்வதில்லை. ஒரெஸ்ட் ஹவ்ரிலுக் இதில் ரொம்பக் கறார். கோதுமை வயலில் அறுப்பு இயந்திரத்தை இறக்குகிற அன்று சவரக்கத்தியை அலமாரியில் வைத்துவிடுவார். கடைசி ஏக்கரும் முடிந்த மாலை, கைகால் கழுவி, முகம் மழித்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வருவார். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் அவர் மனைவி ஸ்டெஃபா தட்டை வைப்பாள். நாற்பத்து மூன்று வருடம் இப்படி நடந்தது.

நாற்பத்து நான்காவது வருடம், இருநூறு ஏக்கர் பாக்கி நிற்கும்போது, இயந்திரத்தின் ஏணியிலிருந்து விழுந்தார். பக்கவாதம். வலது பக்கமும் பேச்சும் போயின. எழுபத்தொரு வயது.

3

ஆஸ்பத்திரியில் டோரீன் என்ற உதவியாளர் அவருக்குச் சவரம் செய்தாள். உணவுக்காக மூக்கில் போட்டிருந்த குழாயை ஒட்டும் பிளாஸ்திரி தாடியில் நிற்கவில்லை. குழாய் நழுவிக்கொண்டே இருந்தது. டோரீனுக்கு ஊர்ப் பழக்கம் தெரியாது. பாவம், அவள் மேல் தப்பில்லை—

4

டோரீன் என்று யாரும் இல்லை. மழித்தது நான்தான்.

மூன்று பிரதிகளில் அவளை வைத்திருந்தேன். சிவப்புத் தலைமயிர், சதா இருமல் என்று கொடுத்துக்கூடப் பார்த்தேன். உயிர் வரவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் குளிப்பாட்டித் துடைத்துவிடும் வேலை என்னுடையது. பழக்கமும் எனக்குத் தெரியும். அறுப்பு முடிந்திருக்குமா என்று யோசிக்கவில்லை. குழாய் நழுவுகிறதே என்றுதான் பார்த்தேன்.

ஸ்டெஃபா வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“யாரு இவரு மொகத்துல கத்தி வச்சது?”

நான் சொல்வதற்குள் ஒரெஸ்ட் கண் விழித்தார். இடது கை மெல்ல எழுந்து தாடையைத் தடவியது. வழவழப்பு. மறுபடி தடவினார். அவருடைய பாதி வாய் சிரித்தது. பிறகு, வேலை முடிந்த மனிதர் தூங்குவதுபோலத் தூங்கினார்.

ஸ்டெஃபா என்னை நடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டாரு.”

“சொல்லிடலாம்மா.”

“போய்ச் சொல்லு. வெளிய மழ கொட்டுது, இருநூறு ஏக்கரும் நனையுது, அடுத்த வாரம் பனி விழும்னு ரேடியோல சொல்றான்னு அவரு காதுல சொல்லு, பாப்போம்.”

அறைக் கதவு வரை போய்த் திரும்பி வந்தேன்.

“முடியலல்ல? அப்போ தெனமும் மழிச்சு வுடு. ஒரு நாள் தவறினாலும் அந்தக் கை கண்டுபுடிச்சிரும்.”

தினமும் மழித்தேன். கோதுமை நிற்கிற வயலுக்கும் அவருக்கும் நடுவே ஆறு நாள் என் கத்திதான் நின்றது. காலையில் அவர் விழிப்பதற்கு முன்பே போய் மழித்துவிடுவேன். வெட்கமாக இருந்தது. ஒரு நாளும் நிறுத்தவில்லை.

5

வியாழக்கிழமை லாய்ட் வந்தார். பக்கத்து நிலத்துக்காரர். தன் அறுப்பை முடித்து மழுங்க மழித்த முகம். வெயில் படாத தாடை மட்டும் வெளுத்திருந்தது.

“அடேய் ஒரெஸ்ட், கல்யாண மாப்ள மாதிரில்ல படுத்திருக்க! கவலப்படாத. மழ விட்டாச்சு, ரெண்டு நாள் காஞ்சா போதும். சனிக்கெழம நாங்க ஒம்போது பேரும் கம்பைன் மெஷினோட வந்து ஒன் வயல—”

ஸ்டெஃபா அவர் காலை மிதித்தாள். லாய்ட் தொப்பியைக் கையில் சுற்றினார். ஒரெஸ்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

(லாய்டை இங்கே ஒரு முட்டாளாக எழுதுவது சுலபம். ஆனால் எட்டுப் பேரைக் கூப்பிட்டு இயந்திரங்களைத் திரட்டியவர் அவர். கத்தியோடு நின்ற நான் அவரைவிட எந்த விதத்தில் புத்திசாலி?)

வெள்ளி காலை. சோப்பு நுரை பூசி, கத்தியைக் கன்னத்தருகே கொண்டுபோனேன். இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. படுத்த படுக்கையாகக் கிடந்தவருக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ! கையைத் தள்ளிவிட்டு என்னையே பார்த்தார்.

“இன்னும் நிக்குதுங்கய்யா,” என்றேன். “இருநூறு ஏக்கரும்.”

தலையை அசைத்தார். கோபப்படவில்லை. முறைத்திருந்தால் தேவலை என்று இருந்தது. நுரையைத் துடைத்தேன். அன்று அவர் முகத்தில் கத்தி படவில்லை, மறுநாள் காலையிலும் படவில்லை.

6

சனிக்கிழமை காலை ஈரம் காய்ந்ததும் ஒன்பது இயந்திரங்களும் வயலில் இறங்கின. ஊர்ப் பெண்கள் வயல் ஓரத்துக்கே சாப்பாடு கொண்டுபோனார்கள். ஸ்டெஃபா போகவில்லை, ஒரெஸ்டின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் சன்னலைப் பார்த்தபடியே இருந்தார். வயல் முப்பது கிலோமீட்டர் தள்ளி; அங்கிருந்து கார் நிறுத்துமிடம்தான் தெரியும்.

மாலை நான்கு நாற்பதுக்கு இறந்தார். நேரத்தை நர்ஸ் குறித்ததை நான் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஸ்டெஃபாவின் பையிலிருந்து போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை.

“எடுங்கம்மா. லாய்டா இருக்கும்.”

“அவன்தான். இவரு போன நேரத்தச் சொல்லி எப்ப முடிச்சீங்கன்னு கேட்டா, நாலு மணிக்கேன்னு சொல்லுவான். முடிக்காட்டியும் அப்டித்தான் சொல்லுவான். எனக்காகப் பொய் சொல்ற ஆளுங்க போதும், தம்பி.”

அது எனக்கும் சேர்த்துத்தான்.

போன் அடித்து ஓய்ந்தது. உடலைக் கழுவுவதற்கு நான் வெந்நீர் கொண்டுவந்தேன். அவள் எழுந்து சன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

“அறுப்பு முடிஞ்சப்புறம் போயிருந்தா மழிச்ச மொகத்தோட போகட்டும். முடியறதுக்கு முன்ன போயிருந்தா அப்படியே போகட்டும். எதுன்னு என்னக் கேக்காத. இன்னும் ஒரு மணி நேரத்துல எடுத்துட்டுப் போக வந்துருவாங்க.”

7

இரண்டு முடிவு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் மழிக்கிறேன்; ஒன்பது பேரும் நேரத்துக்கு முடித்துவிட்டார்கள் என்று நம்புகிறேன். இன்னொன்றில் கத்தியை மூடி வைக்கிறேன். அவர் தள்ளிவிட்ட கையை மறுபடி நீட்டவில்லை. இரண்டிலும் நான் நல்லவனாகத் தெரிகிறேன். அதனால் இரண்டையும் எனக்கு நம்பத் தோன்றவில்லை.

கடைசி வரிசையை எத்தனை மணிக்கு அறுத்தார்கள் என்று லாய்டுக்குத் தெரியும். கடையில் எதிர்ப்பட்டால் இருவரும் ஐஸ் ஹாக்கி பேசுகிறோம். இதுவரை கேட்டதில்லை. கேட்கப்போவதும் இல்லை.

நடந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் சரியாகத்தான் செய்தேனா என்று தெரியவில்லை. அதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன், ஒரு சொல்லுக்கு விளக்கம் சொல்கிற சாக்கில். நீங்கள் இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். ஸ்டெஃபா திரும்பிப் பார்க்கமாட்டாள். கிண்ணத்தில் வெந்நீர் இருக்கிறது, துண்டை நனைத்துவிட்டேன். கத்தியை வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் அவர் தாடையை ஒருமுறை தடவிப் பாருங்கள். இரண்டு நாள் வளர்ந்தது. குத்தும்.