தலை வச்சுப் படுக்காதே

முப்பத்தோரு வருஷம் குழந்தைகளின் இதயத்தைப் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். எக்கோ டெக்னீஷியன். சின்ன நெஞ்சில் பசையைத் தடவி, கருவியை வைத்து, உள்ளே துடிப்பதைத் திரையில் படம் பிடிக்க வேண்டும். மொத்தம் எத்தனை இதயம் பார்த்திருப்பீர்கள் என்று கேட்டால் இரண்டு கோடி என்பேன். பக்கத்தில் என் மனைவி இருந்தால் ஒரு லட்சம் என்று திருத்துவாள். அவள் இல்லாதபோது கேளுங்கள்.

அளப்பதும் என் வேலையில் ஒரு பாகம்தான். பசை ஜில்லென்று பட்டதும் அலறும் பிள்ளையை அசையாமல் படுக்க வைக்க வேண்டுமே. பனிக்கரடி மூக்கைச் சிந்தி அனுப்பியிருக்கிறது, சிந்தாமல் வைத்துக்கொள் என்பேன். அலறல் நின்றுவிடும். பிள்ளைகளுக்கு நான் எக்கோ மாமா. அவர் சொல்வதில் பத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா பெற்றவர்களிடம் சொல்லி வைப்பார். பிள்ளைகளிடம் யாரும் சொன்னதில்லை.

அவர்களில் ஒருத்தி எட்டு மாதக் குழந்தையாக வந்தபோது உதடு மை குடித்ததுபோல் நீலமாக இருந்தது. இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை. நுரையீரலுக்குப் போகும் வழியும் குறுகல். அறுவை செய்து ஓட்டையை அடைத்தார்கள், வழியை அகலமாக்கினார்கள். அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் என் மேஜையில் வந்து படுப்பாள். துடிப்பு அப்படித் துள்ளும். அந்த இதயத்துக்கும் அவளுக்கும் சேர்த்தே குதிரை என்று பேர் வைத்தேன். போன வருஷம் பனிக்கரடி, இந்த வருஷம் யாருக்குச் சளி மாமா என்று என்னையே வம்புக்கு இழுப்பாள்.

பதினெட்டு ஆனால் எங்கள் பிரிவில் இடமில்லை. பிறவி இதயக் கோளாறோடு வளர்ந்து பெரியவர்கள் ஆனவர்களுக்கு நாலாம் மாடியில் தனிப் பிரிவு உண்டு. டாக்டரம்மா அதற்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, விளக்கமாகவும் சொன்னார். அகலமாக்கிய வழியில் வால்வு சரியாக மூடவில்லை, ரத்தம் பின்னால் கசிகிறது, ஒருநாள் புது வால்வு வைக்க வேண்டிவரும், வருஷா வருஷம் காட்டு என்றார். குதிரை தலையாட்டிவிட்டு என் அறைக்கு வந்தாள்.

"போயிட்டு வரேன் மாமா."

"ஆஸ்பத்திரியில அப்படிச் சொல்லப்படாது. இனிமே நூறு வருஷத்துக்கு உனக்கு ஒண்ணும் வராது. இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காதே."

விடைபெற்ற எல்லாப் பிள்ளைகளிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறேன்.

பதினாறு வருஷம் போனது. ஓய்வு பெற்றும் எனக்கு ஆஸ்பத்திரி வாசனை விடவில்லை. புதன்கிழமைகளில் கேன்டீனில் பழைய ஆட்களோடு உட்கார்ந்து கதை அளப்பேன். ஒருநாள் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், பனிக்கரடி சௌக்கியமா என்றது. திரும்பினேன். குதிரைதான். கால் வீங்கி, செருப்பின் வார் கடைசி ஓட்டையில் நின்றது. நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினாள். பக்கத்தில் கணவன். நாலாம் மாடிக்கு வந்தோம் என்றான்.

எத்தனை வருஷமாக அங்கே காட்டுகிறாய் என்று கேட்டேன்.

"இதான் முதல் தடவை மாமா."

"அந்தக் கடிதம்?"

"அம்மா பீரோல பத்திரமா இருக்கு. நீங்கதான் இந்தப் பக்கமே வராதேன்னு சொன்னீங்களே."

அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் கணவனிடமும் சொல்லியிருந்தாளாம், எக்கோ மாமா நூறு வருஷம் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று. அவன் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான்.

நீங்களே பாருங்கள் மாமா என்று அவளே என்னை மாடிக்கு அனுப்பினாள். படம் எடுத்தவன் என்னிடம் வேலை கற்றவன். திரையை என் பக்கம் திருப்பினான். இதயத்தின் வலது அறை ஊதிப்போய், சுவர் அசைகிறதா இல்லையா என்றிருந்தது. நான் உவமை தேடவில்லை. பத்து வருஷம் முன்னால் வந்திருந்தால் வால்வை மாற்றி ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்றார் அங்கிருந்த டாக்டர். இப்போது வேறு வழியில்லாமல்தான் மாற்றுகிறோம், பிழைப்பது பாதிக்குப் பாதி என்றார்.

அறுவை நாள் காலையில் தியேட்டர் வாசலில் நின்றேன். ஸ்ட்ரெச்சரை நிறுத்தச் சொன்னாள்.

"குதிரை எப்படி இருக்கு மாமா? அளக்காம சொல்லுங்க."

"களைச்சுப் போயிருக்கும்மா. பாதிக்குப் பாதின்னு சொல்றாங்க."

"உங்க வாயில இவ்வளவு சின்னக் கணக்கா?" சிரித்தாள். அதற்கே இருமல் வந்தது. "சரி, போயிட்டு வரேன்."

"போயிட்டு வா."

புது வால்வு நன்றாகத்தான் திறந்து மூடியதாம். தசைதான் தாங்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

இப்போது புதன்கிழமைகளில் நான் கேன்டீனுக்குப் போவதில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு குழந்தைகள் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். கடிதத்தோடு வெளியே வரும் பிள்ளையை நாலாம் மாடிக்கு நானே அழைத்துப்போய், பேர் பதிந்து, அடுத்த தேதி வாங்கித் தரும்வரை நகர்வதில்லை. லிஃப்ட் வரும்வரை பனிக்கரடி கதை உண்டு. பிரியும்போது போயிட்டு வா என்று மட்டும்தான்.

இதுவரை பதினேழு பேர். இதை என் மனைவி திருத்துவதில்லை.