கார்டின் பின்பக்கம்

செந்தமிழ்ச்செல்விக்குத் தேதிதான் தெய்வம். மூலக்குளத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் அவளுக்கு வேலை. காலாவதியான மாத்திரை ஒன்றுகூட அவள் கண்ணிலிருந்து தப்ப முடியாது. வீட்டிலும் அதே கெடுபிடிதான். ஒரு நாள் தாண்டிய ஊறுகாய் பாட்டிலைக்கூடக் குப்பையில் போட்டுவிடுவாள். நோணாங்குப்பத்தில் படகு ஓட்டும் அவள் புருஷன் நெடுமாறன், "என் மேல தேதி ஒட்டாம வச்சிருக்கியே, அதுவே பெரிசு" என்று சிரிப்பான்.

அப்படிப்பட்டவள் தன் தேதியைத் தவறவிட்டாள் பாருங்கள்!

2007 மார்ச்சில் ஒரு பகல். வார்டிலிருந்து திரும்பி வந்த மருந்துப் பெட்டிக்குள் கையை விட்டாள். எந்தப் புண்ணியவானோ போட்டுவைத்த பழைய ஊசி விரலில் சுருக்கென்று ஏறியது. அந்த வார்டில், ரத்தத்தின் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோயாளி ஒருவர் படுத்திருந்தார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, பர்ஸில் இருந்த, அந்த நோய்க்கான தடுப்பூசி கார்டை எடுத்துப் பார்த்தாள். மூன்றாவது ஊசி 2002 மார்ச்சில் போட்டது. கீழே, அடுத்து போட வேண்டிய ஊசிக்கு, 'பூஸ்டர்: 12.3.2007'. எட்டு நாள் தாண்டிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மாமியார் ஜெயம் குழந்தையோடு வந்து நின்றாள். ஏழு மாத சிவசங்கரிக்கு மதியப் பால் இங்கேதான்.

"இன்னாடி, புள்ள கத்துது, வாங்காம நிக்கற?"

"கிட்ட வராதீங்க அத்தை! எனக்குப் போட்ட ஊசி காலாவதியாயிடுச்சு. புள்ளைக்கும் நோய் வந்துடும்."

ஜெயத்துக்கு ஒன்றும் புரியவில்லை. குழந்தையோ அம்மாவிடம் கையை நீட்டி வீறிட்டது. பால் கட்டி ரவிக்கை நனைய, செந்தமிழ்ச்செல்வி அழுதுகொண்டே டாக்டர் செல்வாம்பாளின் அறைக்கு ஓடினாள்.

நடந்ததைக் கேட்ட டாக்டர் முதலில் அந்த நோயாளியின் ரிப்போர்ட்டைப் பார்த்தார். வேறு தொற்று எதுவும் இல்லை. பிறகு கார்டை வாங்கினார். தேதியைச் சட்டை செய்யவே இல்லை. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"அஞ்சு வருஷத்துல இத ஒரு தடவையாவது திருப்பிப் பாத்தியாம்மா? மூணாவது ஊசிக்கப்புறம் ரத்தம் எடுத்தாங்களே, எதிர்ப்புச் சக்தி 240னு எழுதியிருக்கு. பத்து இருந்தாலே போதும்."

"அது அப்ப டாக்டர். இப்பக் கொறஞ்சிருக்குமே?"

"கொறையட்டும். ஊசி ஒரு தடவ நல்லா வேலை செஞ்சவங்களுக்கு, ரத்தத்துல அளவு கொறஞ்சாலும் உடம்பு அந்தக் கிருமிய மறக்காது. உள்ள வந்தா எழுந்து அடிக்கும். எத்தன வருஷம் தாங்கும்னா, இதுவரைக்கும் யாரும் அதோட முடிவையே பாக்கல. பூஸ்டர் தேதியெல்லாம் பழைய வழக்கத்துல எழுதினது. நீ இன்னா, இருமல் மருந்து பாட்டிலா?"

"அப்ப... பால் குடுக்கலாமா?"

"மொதல்ல போயி அதச் செய்."

வராந்தாவில் ஜெயத்தின் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். அழுது களைத்த சிவசங்கரி மூச்சு விடாமல் குடித்தாள்.

சாயந்திரம் கதை முழுக்கக் கேட்ட நெடுமாறன் கார்டைக் காட்டி, "தேதி தாண்டிடுச்சே, தூக்கிப் போடல?" என்றான். அவள் முறைத்தாள். கார்டை அவன் கையிலிருந்து வாங்கி, மகளின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.