கறுப்பு ஆகாத கான்டெசா

இரண்டு கார்களின் வயர்களையும் இம்தியாஸ் ஒரே கயிற்றுக் கட்டிலில் விரித்திருந்தான். தலைமாட்டில் இன்ஜின் பக்கம், கால்மாட்டில் டிக்கி பக்கம். கட்டில் பின்னலின் சந்துகளில் ஒவ்வொரு கிளையாகச் செருகி, எது எங்கே போய்ச் சேர வேண்டுமோ அந்த அளவில் நிறுத்தி, பழைய வேட்டிக் கிழிசலால் கட்டி வைத்திருந்தான். நாமக்கல் பரமத்தி ரோட்டில் காத்தானின் பட்டறைக்கு வருகிறவர்கள் கட்டிலைப் பார்த்துவிட்டு, "ஆருக்கு ஒடம்பு சரியில்லீங்க?" என்று கேட்டார்கள்.

"காருக்குத்தான். பெருசு எந்திரிச்சு நடக்கோணும்னு மகன் ஆசப்படறாரு" என்பான் காத்தான். அவன் இன்ஜின் மெக்கானிக். இம்தியாஸ் வயரிங்.

பெருசு என்றது வெள்ளியங்கிரியின் அப்பா வாங்கிய கான்டெசாவை. வெள்ளியங்கிரிக்குத் திருச்செங்கோட்டில் ஒன்பது போர்வெல் ரிக்குகள், லாரி மேல் ஏற்றிய துளை எந்திரங்கள். அறுபதை நெருங்கினாலும் மீசை மட்டும் மை பூசிக் கன்னங்கரேலென்று இருக்கும். மகளுக்கு எருமப்பட்டியில் கோழிப்பண்ணைக்காரர் வீட்டில் சம்பந்தம் பேசியிருந்தார். சம்பந்தி வாசலில் மூன்று வெளிநாட்டுக் கார் நின்றது. அதற்கு மேல் விலையுள்ள கார் வாங்கக் கை வரவில்லை. அதனால் வெள்ளியங்கிரி திடீரென்று அப்பா மேல் பாசக்காரர் ஆனார். அப்பா உயிரோடிருந்தபோது கேட்ட மூக்குக் கண்ணாடியை வாங்கிக் கொடுக்காதவர், அப்பா காரில்தான் நிச்சயத்துக்குப் போவேன் என்று எல்லோரிடமும் சொன்னார். வெளியே அப்பா காலத்துக் கார், உள்ளே எல்லாம் புதுசு. சங்ககிரி பக்கம் பின்னால் லாரி மோதி நசுங்கிய ஜப்பான் கார் ஒன்றை விலை பேசி, இன்ஜின், சீட்டு, டேஷ்போர்டு, ஸ்டியரிங் வரைக்கும் பிடுங்கி இதில் வைக்கச் சொல்லியிருந்தார்.

"ஸ்டியரிங்ல காத்துப் பை இருக்குமாமா பாய், மோதுனா வெடிச்சு வந்து மூஞ்சியத் தாங்குமாமா? அதும் வெச்சிரு. சம்பந்தி வண்டில எட்டு இருக்குதாம். நம்மளுக்கு ஒண்ணாச்சும் வேணுமில்ல?"

"வெச்சிரலாங்ணா."

"காரு நல்லபடியா ஓடுச்சுன்னா, ஒம்பது ரிக்கோட கரண்டு வேலையும் உனக்குத்தான்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இம்தியாஸ் கட்டிலை விட்டு நகராமல் கிடந்தான். லாரிக்கு அடியில் மண்ணில் படுத்து, டெயில் லைட் வயர் தேடித் தேடி முதுகு போனவன் அவன். மேலே லோடு, கீழே இவன், பக்கத்தில் கல் தெறிக்க ஓடுகிற பஸ். ரிக் வேலை கிடைத்தால் ரிக்குகள் நிற்கிற யார்டில், கூரைக்குக் கீழே, நின்றபடி செய்யலாம். நின்றபடி செய்கிற வேலை என்பது அவன் வீட்டில் யாருக்கும் இதுவரை அமையவில்லை.

ஜோசியர் காளிதாஸ் வந்து சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். வெள்ளியங்கிரிக்கு ஏழரைச் சனி. அடுத்தடுத்து மூன்று இடத்தில் போர் போட்டும் வெறும் புழுதி வந்ததற்கு அதுதான் காரணம் என்று கண்டுபிடித்தவர். தண்ணீர் இல்லாத ஊரில் ஓட்டை போட்டால் புழுதிதான் வரும் என்பதைக் கண்டுபிடிக்க அவருக்குக் கட்டம் தேவைப்பட்டது.

காளிதாஸ் கட்டிலைச் சுற்றி வந்தார். குனிந்தார். ஒரு வயரை விரல் நுனியால் தொட்டார், சாணியைத் தொடுகிற மாதிரி.

"இது என்ன கலரு?"

"கறுப்புங்க" என்றான் இம்தியாஸ்.

"தெரியுது. வண்டிக்குள்ளயா போகுது?"

"ஆமாங்க. அது எர்த்து. பல்போ மோட்டாரோ, வேலைய முடிச்ச கரண்டு திரும்பிப் போற வழி. எந்த வண்டிலயும் கறுப்புத்தான்."

காளிதாஸ் வெள்ளியங்கிரியைப் பார்த்தார். வெள்ளியங்கிரி வெளிறிப்போனார்.

"ஏழரை ஓடறவரு உக்காரற வண்டிக்குள்ள சனீஸ்வரனை நூல் நூலா இழுத்து உட்ருக்கறீங்க. ஒரு நூல் கறுப்புக்கூட உள்ள ஆகாது."

காத்தான் கையைத் துடைத்துக்கொண்டே கிட்ட வந்தான். "டயரு, சாமி?"

"டயரு வெளிய இருக்குது. உள்ளதான் ஆகாது."

"இன்ஜின் ஆயிலு? ஓட ஓடக் கறுத்துப்போகுமே?"

"கறுக்க கறுக்க மாத்திக்க வேண்டியதுதான்."

காத்தானின் பார்வை வெள்ளியங்கிரியின் மீசைக்குப் போய் அங்கேயே நின்றது. இம்தியாஸ் அவன் காலை மிதித்தான்.

அன்றே சட்டம் அமலுக்கு வந்தது. சீட்டுக்கு வெண்ணெய் நிற உறை. டேஷ்போர்டுக்குச் சந்தன நிற பெயின்ட். சீட் பெல்ட்டுக்கு மெரூன். எர்த் வயர் முழுவதும் மஞ்சள், மங்களகரமாக. வயரைச் சுற்றுகிற டேப்கூடக் கறுப்பு கூடாது என்றதும் இம்தியாஸ் கடை கடையாக ஏறி இறங்கி மஞ்சள் டேப் வாங்கினான். கடைக்காரர், "கல்யாணத்துக்கா பாய்?" என்றார்.

"பேசாம மேல மஞ்ச ஸ்லீவ மாட்டி உடு. உள்ள கறுப்பே இருக்கட்டும்" என்று காத்தான் யோசனை சொன்னான்.

"அந்தாளு தெனமும் வந்து நகத்துல சொரண்டிப் பாக்கறாரு."

"அப்ப நெசமாவே மாத்தறயா? செரியாப் படுதா உனக்கு?"

"கரண்டுக்குக் கண்ணு இல்லைங்ணா. மஞ்சள்ல போனா என்ன, பச்சைல போனா என்ன?" இம்தியாஸ் இதைக் காத்தானுக்குச் சொன்னதைவிடத் தனக்கே அதிகம் சொல்லிக்கொண்டான்.

கரண்டுக்குக் கண் இல்லை, சரி. வயரைத் தொடுகிறவனுக்கு உண்டு. இம்தியாஸுக்கு இது தெரியும். எந்தப் பட்டறையில் யார் இரவில் வந்து ஒட்டுப் போட்டாலும், கறுப்பைப் பார்த்தால் நம்பிக் கை வைப்பார்கள். அந்த நம்பிக்கையைத்தான் அவன் பிய்த்துப் பிய்த்துக் குப்பைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான்.

ஸ்டியரிங் அடிக்கு வந்தபோது கை நின்றது. காற்றுப் பைக்குப் போகிற இரண்டு வயர். அதன் உறை ஏற்கெனவே மஞ்சள். எந்தக் கம்பெனிக் காரிலும் அந்த மஞ்சளுக்கு ஒரே அர்த்தம்தான்: தொடாதே, வெடிக்கும். இப்போது அதைச் சுற்றி இவன் இழுத்த மஞ்சள் பத்து ஓடியது. எல்லாம் ஒரே சாயல்.

"என்ன பாயி, மந்திரிச்சு உட்டாப்பல நிக்கற?"

"ரெண்டு மஞ்சளும் ஒண்ணா ஓடுது."

"அதுக்கு வேற கலர் டேப் சுத்து."

செய்திருக்கலாம். ஆனால் அதற்குப் பாதி பிரிக்க வேண்டும், வெள்ளியங்கிரி வாசலில் நின்று, இன்னிக்கா நாளைக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தார், இம்தியாஸின் மனசு ரிக் யார்டின் கூரைக்குக் கீழே போய் நின்றுவிட்டது. "நம்மளத் தவுத்து ஆரு இதுக்குள்ள கை உடப் போறா?" என்று மூடியைப் போட்டுத் திருகினான்.

கார் முதல் சாவியிலேயே எடுத்தது. ஏசி வந்தது, கண்ணாடி ஏறி இறங்கியது, மீட்டரில் ஒரு எச்சரிக்கை விளக்குகூட எரியவில்லை. வெள்ளியங்கிரி போனில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். "நம்ம வண்டில எர்த்தே மஞ்சளுங்க. உள்ளாற மஞ்சளா எது ஓடுனாலும் எர்த்துதான். இந்தியாவுலயே ஒரே வண்டி."

இதை மிகவும் கவனமாகக் கேட்டவன் ஆனந்தகுமார். வெள்ளியங்கிரியின் மச்சினன், சௌந்திரத்தின் தம்பி. திருச்செங்கோட்டில் காருக்கு ஸ்டிக்கர், பொம்மை, சீட் கவர் விற்கிற கடை வைத்திருந்தான். பூஜை நாள் காலையில் மாமாவுக்குத் தன் பரிசாக, லாரிக்கு மாட்டுகிற ஏர் ஹாரன் ஒன்றைக் கொண்டுவந்து, யாரையும் கேட்காமல் மாட்டினான். ஸ்டியரிங் பக்கத்தில் பொத்தான் வைத்தான். அடி மூடியைக் கழற்றி எர்த் தேடினான். அடியில் தொங்கிய மஞ்சளில் கைக்கு வசமாக வந்தது இரண்டு. வெட்டினான். ஒன்றை ஹாரனுக்குக் கொடுத்தான். இன்னொன்றை, எர்த் பலமாக இருக்கட்டும் என்று பாடியில் ஸ்க்ரூ வைத்து இறுக்கினான்.

இம்தியாஸும் காத்தானும் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் கான்டெசா மாலையோடு நின்றது. டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம். பூசணிக்காயோடு ஒரு ஆள். முன் கிரில் கம்பிகளுக்குப் பொட்டு வைத்தாயிற்று. சௌந்திரம் ஆரத்தித் தட்டோடு வெயிலில் நின்றிருந்தாள்.

"ஏனுங்க, கறுப்பே உள்ள போகக் கூடாதுன்னீங்களே" என்றாள் புருஷனிடம். "மீசைய எங்க கழட்டி வெப்பீங்க?"

காத்தான் பூசணிக்காய்க்குப் பின்னால் திரும்பிச் சிரித்தான். வெள்ளியங்கிரி முறைத்தார். "மீசை ஒடம்போட சேந்தது. சோசியரைக் கேட்டாச்சு."

வெள்ளியங்கிரி ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்ததும் காளிதாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்ஜினை எடுங்க. எடுத்ததும் ஒரு தடவை ஹாரனை அமுக்குங்க. சத்தம் கேட்டுச் சனி ஊர் எல்லையத் தாண்டோணும்."

"ஹாரனா? நான் மாட்டவே இல்லையே" என்று இம்தியாஸ் ஓரடி முன்னால் வந்தான்.

"நான் மாட்டுனேன் பாய்" என்றான் ஆனந்தகுமார் பெருமையாக. "நீங்க விட்டதை."

"எர்த்து எங்கிருந்து..."

வெள்ளியங்கிரி அமுக்கிவிட்டார்.

ஹாரன் ஒரு எழுத்துகூட முழுதாகச் சொல்லவில்லை. அதற்குள் டமார் என்று ஒரு சத்தம். பூசணிக்காய்க்காரன் நேரம் வந்துவிட்டது என்று நினைத்துப் பூசணியைப் போட்டு உடைத்தான். காருக்குள் வெள்ளையாக ஒன்று வீங்கி, உடனே தளர்ந்தது. புகை மாதிரிப் பொடி ஜன்னல் வழியாக வந்தது. அதற்குள்ளிருந்து வெள்ளியங்கிரி மெதுவாகத் தெரிந்தார். மூக்கிலிருந்து ரத்தம். தலை, புருவம், கன்னம் எல்லாம் வெள்ளை. மீசையும் வெள்ளை, அறுபது வயதுக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி.

சௌந்திரம் முதலில் ஓடிப்போய் மூச்சு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது, கெட்ட வார்த்தையோடு இருந்தது. அப்புறம்தான் நிமிர்ந்து சொன்னாள்:

"இப்பத்தான் வண்டிக்குள்ள கறுப்பே இல்லை."

"அந்தப் பாய் எங்கடா?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினார் வெள்ளியங்கிரி. இம்தியாஸ் ஏற்கெனவே ஸ்டியரிங் அடியில் தலையை விட்டிருந்தான். வெட்டுப்பட்ட இரண்டு மஞ்சள் முனைகளும் ஸ்க்ரூவும் அங்கே இருந்தன. ஹாரனுக்குப் போகிற கரண்ட் காற்றுப் பைக்குள் புகுந்து பாடிக்குப் போயிருக்கிறது. வெடிக்காமல் என்ன செய்யும்?

"இதை ஆரு வெட்டுனது?"

"மஞ்சளா ஓடறதெல்லாம் எர்த்துன்னு மாமாதான் சொன்னாரு!" என்றான் ஆனந்தகுமார்.

"நான் எங்கடா சொன்னேன்?"

"போன்ல ஊருக்கே சொன்னீங்க" என்றாள் சௌந்திரம்.

எல்லோரும் இம்தியாஸைப் பார்த்தார்கள். அவன் ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த வயரில் ஒரு சுற்று சிவப்பு டேப் சுற்றாமல் மூடியைத் திருகிய கை அவனுடையதுதான். ஸ்க்ரூவைக் கழற்றத் தொடங்கினான்.

நிச்சயத்துக்கு வெள்ளியங்கிரி மூக்கில் பிளாஸ்திரியோடு, வாடகைக் காரில் போனார். சம்பந்தி பதறிப்போய், "ரிக்குல பட்டுச்சுங்களா?" என்று கேட்டாராம். இவர், "ஆமாங்க, வேலைன்னா அப்படித்தானுங்க" என்றாராம். ஒன்பது ரிக் வைத்திருந்தும் ஒன்றின்மேலும் கை வைக்காதவர், அன்று உழைப்பாளி என்று பெயர் வாங்கிவிட்டார்.

அடுத்த வாரம் இம்தியாஸை யார்டுக்கு வரச் சொன்னார். வேலை போயிற்று என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போனான். வெள்ளியங்கிரி சிரித்த முகமாக இருந்தார். பிளாஸ்திரிக்குக் கீழே மீசை மறுபடி கன்னங்கரேலென்று மின்னியது.

"பாய், சோசியரு கணக்குப் போட்டுச் சொல்லிட்டாரு. அன்னிக்கு எனக்கு உசுரே போகவேண்டிய நேரமாம். வண்டில கறுப்பை எடுத்திருந்தோம், அதுனால தப்பிச்சேன்."

"சரிங்ணா."

"ஒம்பது ரிக்கும் உனக்குத்தான். சொன்ன சொல்லு மாறமாட்டேன். எல்லாத்துலயும் கறுப்பை உருவிட்டு மஞ்சள் போட்டுரு."

கூரை உயரமாக இருந்தது. கீழே சிமென்ட் தரை, நின்றுகொண்டு வேலை செய்யலாம். அந்தப் பக்கம் காலையில் திரும்பிய ரிக் ஒன்றை, சத்தீஸ்கர்க்காரர்கள் நான்கு பேர் பைப்பால் கழுவிக்கொண்டிருந்தார்கள். செருப்பு இல்லை. ஒருவன் ஈரக் கையோடு ரிக்கின் கரண்டு பேனல் கதவைப் பிடித்துத் தொங்கியபடி உள்ளே எரியாத ஒரு பல்பைப் பார்த்து, அவனாகவே ஒரு வயரை இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தான். கறுப்பைப் பார்த்து, நம்பி.

"மாட்டனுங்க" என்றான் இம்தியாஸ்.

"என்னது?"

"செய்ய மாட்டனுங்க."

"காருக்குச் செஞ்சயே?"

"அது உங்க மூக்குங்க. இது அவனுக கையி."

வெள்ளியங்கிரிக்குக் கோபம் மெதுவாகத்தான் ஏறியது. "உன்னைய உட்டா இந்தச் சில்லாவுல வயர் முறுக்கறதுக்கு ஆளே இல்லையா? ஆனந்தகுமாரு செய்வான்."

"செய்வாருங்க. அதுதான் எனக்கும் பயமா இருக்குது."

"போடா வெளிய."

இம்தியாஸ் வாசல்வரை போய்த் திரும்பினான். இனி இழக்க எதுவும் இல்லை என்று ஆனதும் வாய் தானாகத் திறந்தது.

"கறுப்பு ஆகாதுன்னா மொதல்ல மீசைல இருக்கறதை எடுங்கண்ணா. அதுதான் மூளைக்குப் பக்கத்துல இருக்குது."

வெள்ளியங்கிரியின் கை தன்னையறியாமல் மீசைக்குப் போனது. வழியில் மூக்கு தட்டுப்பட்டு, "ஸ்ஸா" என்றார். ரிக் கழுவிக்கொண்டிருந்தவர்களுக்குப் பேச்சு புரியவில்லை. அது மட்டும் புரிந்து சிரித்தார்கள்.

ஆனந்தகுமார் மறுநாளே முதல் ரிக்கைப் பிரித்தான். அந்த வண்டி டிரைவர் பேனலுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். ஊரில் திருவிழா என்று சொல்லிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனவர், திரும்ப வரவில்லை. சத்தீஸ்கர்க்காரர்களுக்குப் போக வழியில்லை. இருந்தார்கள்.

பட்டறையில் காத்தான் கேட்டான், "ரிக்கு வேலை குடுத்தாங்களா இல்லியா?"

"குடுத்தாங்க. வேண்டாம்னுட்டேன்."

"வெள்ளியங்கிரிக்கு இல்ல, உனக்குத்தாண்டா ஏழரை."

இம்தியாஸ் சாக்கை விரித்து, செங்கல் லோடு லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து நகர்ந்தான். முதுகில் அதே கல், அதே இடத்தில் குத்தியது. டெயில் லைட் எர்த் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"ண்ணோவ், அந்தக் கறுப்பு டேப்பை எடு."

காத்தான் ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்தான், காளிதாஸ் வருகிறாரா என்று பார்க்கிற மாதிரி. பிறகு டேப்பை லாரிக்கு அடியில் உருட்டிவிட்டான்.